மிமார் சினானின் மாணவர்களும் எமது பள்ளிவாசல் கட்டடங்களும்

எங்கள் ஊரில் பழைய பள்ளிவாசல் ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது பற்றிய கூட்டம் கடந்த வருடம் நடந்தது. என் காக்கா நிர்வாக சபையில் ஓர் அங்கத்தவர். கூட்டம் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் தேநீர் குடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். வளைகுடா நாடொன்றில் தொழில் புரியும் ஊரவர் ஒருவர் அங்குள்ள பள்ளிவாசல் ஒன்றின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறார். அதைப் போலவே கட்டுவது என்று முடிவாகிவிட்டது. படம் மேசன் பாஸிடம் கொடுக்கப்பட்டுவிட்டது. பிரதேச சபை அனுமதிக்குத் தேவையான வரைபடத்தை யாரையாவது கொண்டு கீறி எடுத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்களாம்.

நமது பிள்ளைகளில் கட்டடக்கலை படிப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுக் காட்டினீர்களா என்று கேட்டேன். காக்கா சிரித்தார். படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதுதான் அவரது பதில். அவர் கெட்ட நோக்கத்தில் சொல்லவில்லை. எங்கள் ஊரில் எவரிடம் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் காக்கா அல்ல, நான்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பெயர் வேண்டாம். கணித பாடக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் வீடுகளாகக் கீறி வைத்திருப்பாள். வெறும் முகப்புப் படம் அல்ல. மேலிருந்து பார்த்தால் அறைகள் எப்படி இருக்கும், காற்று எந்தப் பக்கத்தால் வரும், உம்மா குசினியில் நின்றபடி முற்றத்தைப் பார்க்க ஜன்னல் எங்கே வேண்டும் என்றெல்லாம் யோசித்துக் கீறுவாள். உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறும் எடுத்தாள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க வேண்டும் என்பது அவளது ஆசை. அதற்கு இஸட் புள்ளி மட்டும் போதாது, பல்கலைக்கழகம் நடத்தும் உளச்சார்புப் பரீட்சை ஒன்றுக்குத் தனியாக விண்ணப்பித்துச் சித்தியடைய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. அவளது வாப்பா கடலுக்குப் போகிறவர். அவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான். எனக்கும் தெரியவில்லை. நாங்கள் அறிந்தபோது விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டிருந்தது.

டீச்சர், பரவாயில்லை என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த ஆறுதல் இன்றும் எனக்குப் பாரமாக இருக்கிறது.

காக்காவுடன் பேசிய அந்த நாட்களில்தான் எங்கள் பாடசாலை ஆசிரியர் வட்ஸ்அப் குழுவில் மிமார் சினான் பற்றிய ஒரு செய்தி வந்தது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். இஸ்தான்பூலில் சினான் கட்டிய பள்ளிவாசல் ஒன்றைத் திருத்தும்போது வளைவுக் கல்லுக்குள் ஒரு போத்தல் கிடைத்ததாம். அதற்குள் இந்தக் கல் தேய்ந்து போகும் காலத்தில் அதை எப்படி மாற்றுவது என்று வருங்காலத்தவருக்கு அவர் எழுதிய கடிதம் இருந்ததாம். கதை அழகானது. ஆனால் அதை உறுதிப்படுத்தும் ஆவணம் எதையும் நான் எங்கும் காணவில்லை. தேடப் போன இடத்தில் சினானுடைய உண்மையான வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. வருங்காலத்துக்கு அவர் விட்டுச் சென்ற உண்மையான கடிதம் எது என்பதும் விளங்கியது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சினான் ஏறத்தாழ 1490ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கியின் நடுப்பகுதியிலுள்ள கைஸரி நகருக்கு அருகே ஆகிர்னாஸ் என்ற கிராமத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் உஸ்மானிய அரசு தனது ஆட்சிக்குட்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களின் ஆண்பிள்ளைகளைத் தெரிவு செய்து எடுத்துச் சென்று, இஸ்லாமிய முறையில் வளர்த்து, படையிலும் அரண்மனையிலும் பணிக்கு அமர்த்தியது. 1512ஆம் ஆண்டளவில் சினானும் அப்படிக் கொண்டு செல்லப்பட்டார். அப்போது அவர் இருபது வயதைத் தாண்டியிருந்தார். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அந்த வழக்கத்தை இன்று எவரும் நியாயப்படுத்த முடியாது. நமது வரலாறு என்பதற்காக அதை மறைத்துப் பேசுவதும் நேர்மையாகாது.

தலைநகருக்கு வந்த சினான் ஜானிசாரிப் படையின் பயிலுனர் அணியில் சேர்க்கப்பட்டார். பயிலுனர்கள் உடனடியாகப் போருக்கு அனுப்பப்படுவதில்லை. கட்டட வேலை, தோட்ட வேலை, கப்பல் வேலை என்று ஏதாவதொரு கைத்தொழிலில் பழக்கப்படுவார்கள். சினான் தச்சுத் தொழிலைக் கற்றார். பிற்காலத்தில் உலகமே வியந்த கட்டடக்கலைஞரின் முதற் பாடம் மரம் அறுப்பதும் இழைப்பதும் பொருத்துவதும்தான்.

பிறகு படைவீரராகப் பல நாடுகளைப் பார்த்தார். 1521இல் பெல்கிரேட், 1522இல் ரோட்ஸ் தீவு, 1526இல் ஹங்கேரியின் மொஹாச், 1534, 1535 காலத்தில் பக்தாத் படையெடுப்பு என்று அவர் சென்ற இடங்களின் பட்டியல் நீளமானது. போன இடமெல்லாம் அவர் கட்டடங்களைப் பார்த்தார். கோட்டைச் சுவர் எங்கே பலமாக இருக்கிறது, எங்கே உடைகிறது என்பதை ஒரு போர்வீரன் அறிந்துகொள்ள வேண்டும். எது நிற்கும், எது விழும் என்ற அறிவை அவர் அங்கேதான் பெற்றார்.

ஈரான் பக்கமாகச் சென்ற படையெடுப்பின்போது வான் ஏரியைக் கடப்பதற்குக் கப்பல்கள் தேவைப்பட்டன. லுத்பி பாஷா என்ற தளபதி அந்த வேலையைச் சினானிடம் ஒப்படைத்தார். சினான் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தார். 1538இல் மொல்டோவியப் படையெடுப்பின்போது சேறும் சகதியுமான புருத் ஆற்றின் மீது பாலம் கட்ட முயன்ற மற்றவர்கள் தோற்றுப் போயினர். அப்போதும் லுத்பி பாஷா சினானின் பெயரைத்தான் சொன்னார். 13 நாட்களில் பாலம் தயாரானது என்று சினானின் நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன.

இந்த இடத்தில் நான் வாசிப்பதைச் சிறிது நிறுத்தி யோசித்தேன். சினானிடம் திறமை இருந்தது உண்மை. ஆனால் அந்தத் திறமையைக் கண்ட ஒருவர், சபையில் அவரது பெயரைச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தார். அக்காலத்தில் தலைமைக் கட்டடக்கலைஞராக இருந்த அஜம் அலி மரணித்தபோது அந்தப் பதவிக்கும் சினானைப் பரிந்துரைத்தவர் லுத்பி பாஷாதான். தச்சராகத் தொடங்கிய படைவீரர் ஐம்பது வயதை நெருங்கும்போது பேரரசின் தலைமைக் கட்டடக்கலைஞர் ஆனார். ஒரு பெயரைச் சொல்வதற்கு ஒரு நிமிடமும் எடுக்காது. அதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பிள்ளைகள் வீட்டோடு இருக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1538ஆம் ஆண்டளவில் பொறுப்பேற்ற சினான் 1588இல் மரணிக்கும் வரை, ஏறத்தாழ ஐம்பது வருடங்கள் அந்தப் பதவியில் இருந்தார். சுல்தான் சுலைமான், அவரது மகன் இரண்டாம் ஸலீம், பேரன் மூன்றாம் முராத் ஆகிய மூவருக்கும் கீழ் பணியாற்றினார். பதவியேற்ற தொடக்கத்தில் அவர் இஸ்தான்பூலில் கட்டியது சுல்தானின் மனைவி ஹுர்ரம் சுல்தானின் பெயரால் அமைந்த பள்ளிவாசல் தொகுதி. சுல்தானின் மகள் மிஹ்ரிமாவுக்காகவும் இரண்டு பள்ளிவாசல்களைக் கட்டினார். பள்ளிவாசல், மத்ரஸா, வைத்தியசாலை, பாலம், நீர்க்கால்வாய், குளியலகம், வழிப்போக்கர் தங்குமிடம் என்று அவருடைய பெயரோடு சேர்ந்த வேலைகள் முந்நூறுக்கும் அதிகம்.

ஒரு மனிதர் ஐம்பது வருடத்தில் முந்நூறு கட்டடங்களைத் தனியே நின்று கட்ட முடியாது. சினானின் வாழ்க்கையில் நாம் கவனிக்கத் தவறும் பகுதி இதுதான். அவர் அரச கட்டடக்கலைஞர் அணி ஒன்றின் தலைவராக இருந்தார். அது ஓர் அலுவலகமாகவும் இருந்தது, ஒரு பாடசாலையாகவும் இருந்தது. அங்கே வரைபடம் தயாரித்தார்கள், செலவு மதிப்பிட்டார்கள், செங்கல்லின் அளவு சரியா என்று பார்த்தார்கள், நகரின் நீர்வழிகளைக் கண்காணித்தார்கள். மூத்தவர்களின் பக்கத்தில் இளையவர்கள் நின்றார்கள். தலைநகரில் தயாரான திட்டத்தை எடுத்துக்கொண்டு தூரத்து மாகாணங்களுக்கு அணியிலிருந்தவர்கள் போனார்கள். டமஸ்கஸில் சுல்தான் சுலைமானின் பெயரால் உள்ள தொகுதியும், பொஸ்னியாவின் விஷெகிராத் நகரில் திரினா ஆற்றின் மேலுள்ள பாலமும் சினானின் திட்டங்கள்தான். ஒவ்வொரு கல்லும் வைக்கப்படும்போது அவரே அங்கு நின்றிருக்க முடியாது. தான் இல்லாத இடத்திலும் வேலையைச் சரியாகச் செய்யும் ஆட்களை அவர் உருவாக்கியிருந்தார்.

அவருடைய மூன்று பெரிய பள்ளிவாசல்களைப் பற்றி ஒரு பேச்சு வழங்கி வருகிறது. இறந்துபோன இளவரசர் மெஹ்மதின் நினைவாக 1543இற்கும் 1548இற்கும் இடையில் இஸ்தான்பூலில் கட்டிய ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தனது பயிலுனர் கால வேலை என்று அவர் சொன்னாராம். 1550இல் தொடங்கி 1557இல் முடித்த சுலைமானியாப் பள்ளிவாசலைத் தேர்ச்சி பெற்ற வேலையாளின் வேலை என்றாராம். எடிர்னே நகரில் 1568இல் தொடங்கிய ஸலீமியாவைத்தான் தலைமைக் கலைஞனின் வேலை என்றாராம். ஷெஹ்ஸாதேயைக் கட்டி முடித்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். ஏற்கனவே அவர் பேரரசின் தலைமைக் கட்டடக்கலைஞர். அந்த நிலையிலும் தன்னைப் பயிலுனர் என்று கருதிய மனிதர், படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டிருக்க மாட்டார்.

சுலைமானியாவின் நடுக் குவிமாடம் ஏறத்தாழ 26.5 மீற்றர் அகலமும், தரையிலிருந்து 53 மீற்றர் உயரமும் கொண்டது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் கணக்குப் புத்தகங்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி பெற்றார் என்று எழுதிய பதிவுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்த துருக்கிய வரலாற்றாசிரியர் ஓமர் லுத்பி பர்கான் இரண்டு விடயங்களைக் காட்டினார். முதலாவது, அந்தப் பள்ளிவாசலைக் கட்டிய கைவினைஞர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். இரண்டாவது, மொத்த வேலை நாட்களில் ஏறத்தாழ 40 வீதத்தைச் செய்தவர்கள் சினான் ஒரு காலத்தில் இருந்த அதே பயிலுனர் அணியைச் சேர்ந்த இளைஞர்கள். அவர்கள் அங்கு வந்தது அரசின் கட்டளைக்காகத்தான். ஆனாலும் பேரரசின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்றில், சுல்தானின் பெயர் தாங்கிய பள்ளிவாசலில், பயில்பவர்களுக்கு இடமிருந்தது. பிழை விட்டுவிடுவார்கள் என்று அவர்களை வெளியே நிறுத்தவில்லை.

சினான் தோல்வி காணாதவரும் அல்லர். இஸ்தான்பூலுக்குக் குடிநீர் கொண்டுவரும் கிர்க்செஷ்மே நீர்த் திட்டத்தில் அவர் பல வருடங்கள் உழைத்தார். 1563இல் வந்த பெருவெள்ளம் அதன் முக்கிய பகுதியான மாக்லோவா நீர்ப்பாலத்தை அழித்துவிட்டது. அவர் அதை மீண்டும் கட்டினார். ஏறத்தாழ 36 மீற்றர் உயரத்தில், இரண்டு அடுக்கு வளைவுகளோடு அது இன்றும் நிற்கிறது. தன் வேலை உடைந்ததைத் தன் மாணவர்களின் கண் முன்னாலேயே ஏற்று, திருத்திக் கட்டிய ஆசிரியர் அவர். ஆசிரியத் தொழிலில் இருபது வருடம் கழித்த எனக்கு, அது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

துருக்கியில் வாய்மொழியாகச் சொல்லப்படும் கதை ஒன்றும் உண்டு. வரலாறு அல்ல, கதைதான். புதிய பள்ளிவாசலின் மினாரா சரிந்திருக்கிறது என்று தெருவில் நின்ற சிறுவன் ஒருவன் சொன்னானாம். கூட இருந்தவர்கள் அவனை அதட்டினார்கள். சினானோ மினாராவில் கயிறு கட்டச் சொல்லி, ஆட்களை இழுக்க வைத்து, இப்போது நேராகிவிட்டதா என்று அந்தச் சிறுவனிடம் கேட்டுக் கேட்டு, அவன் ஆம் என்று சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்த்தாராம். மினாரா முதலிலேயே நேராகத்தான் இருந்தது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன பிள்ளையை வாயடைத்து அனுப்ப அவர் விரும்பவில்லை. கதை உண்மையோ இல்லையோ, சினானை அந்த மக்கள் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது.

எண்பது வயதை அண்மித்த காலத்தில் அவர் தொடங்கிய ஸலீமியாவின் குவிமாடம் 31 மீற்றருக்கும் சற்று அதிகமான அகலமுடையது. எட்டுத் தூண்கள் அதைத் தாங்குகின்றன. நான்கு மினாராக்களும் 70 மீற்றர் அளவு உயர்ந்தவை. உள்ளே நிற்பவருக்குத் தூண்களும் சுவரும் ஒன்றாகி, முழு இடமும் ஒரே கூரையின் கீழ் விரிந்திருக்கும். 2011இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. பயிலுனர் என்ற நிலையிலிருந்து தலைமைக் கலைஞன் என்ற நிலைக்கு வர அவருக்கு முழு ஆயுளும் தேவைப்பட்டது.

அவரிடம் கற்றவர்களில் ஒருவரின் கதையை மட்டும் சொல்கிறேன். மெஹ்மத் என்ற இளைஞர் முதலில் இசை கற்றார். பிறகு அதை விட்டுவிட்டு, அரண்மனைத் தோட்டத்திலிருந்த பட்டறையில் மரத்தில் முத்துச்சிப்பி பதிக்கும் வேலைக்கு வந்தார். வழி மாறி வந்தவர் என்று அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. சினானின் மேற்பார்வையில் பல வருடங்கள் பழகினார். சினானின் ஆலோசனையின்படி தான் செய்த வேலைப்பாடு ஒன்றைச் சுல்தானுக்குச் சமர்ப்பித்ததன் மூலம் அரச சேவையில் அவருக்கு வழி திறந்தது. அன்று லுத்பி பாஷா சினானுக்குச் செய்ததைச் சினான் இவருக்குச் செய்தார். 1606இல் இவரே தலைமைக் கட்டடக்கலைஞர் ஆனார். 1609இல் அவர் தொடங்கிய கட்டடம்தான் ஆறு மினாராக்கள் கொண்ட சுல்தான் அஹ்மத் பள்ளிவாசல். நீலப் பள்ளிவாசல் என்று நாம் நாட்காட்டிகளில் பார்ப்பது அதுதான். அதைப் பார்க்காமல் சினான் மரணித்து இருபது வருடங்களுக்கு மேலாகியிருந்தன.

இன்னொருவர் தாவூத் ஆகா. சினானுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தவர் அவர்தான். சினானின் மாணவர் என்று சொல்லப்படும் ஹைருத்தீன் பொஸ்னியாவின் மொஸ்தார் நகரில் நெரெத்வா ஆற்றின் மேல் ஒற்றை வளைவுப் பாலமொன்றை 1566இல் கட்டி முடித்தார். அது 1993இல் போரில் குண்டு வீசித் தகர்க்கப்பட்டு, 2004இல் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது. நமது நாட்டில் போரைக் கண்ட எவருக்கும் அந்தப் பாலத்தின் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

முதுமையில் சினான் தன் கவிஞர் நண்பரான ஸாயி முஸ்தபா செலெபியிடம் தனது வாழ்க்கையையும் வேலைகளின் பட்டியலையும் சொல்லி எழுதுவித்தார். தான் பிறந்த ஊரையும் அவர் மறக்கவில்லை. சைப்ரஸ் தீவு கைப்பற்றப்பட்ட பின்னர், கைஸரிப் பகுதி மக்களில் பலர் அங்கு குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டபோது, தனது கிறிஸ்தவ உறவினர்களுக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றுக்கொடுத்தார். 1588இல் மரணித்தார். சுலைமானியாப் பள்ளிவாசலின் மதிலுக்கு வெளியே, தெரு மூலையொன்றில், தனக்காகத் தானே திட்டமிட்ட சிறிய மண்ணறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவ்வளவு பெரிய குவிமாடங்களைக் கட்டியவர் தனக்கு எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவுதான்.

இதையெல்லாம் வாசித்த பிறகு எங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தேன். பள்ளிவாசல், மத்ரஸா, மண்டபம் என்று ஏதாவதொரு கட்டட வேலை எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஜும்ஆவுக்குப் பின் கட்டட நிதிக்குத் துண்டு விரிக்காத வாரம் குறைவு. வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைக்கும் பிள்ளைகளின் பணமும், பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் அதில் இருக்கிறது. அந்தப் பணத்தில் சீமெந்து வாங்குகிறோம், கம்பி வாங்குகிறோம், டைல் வாங்குகிறோம். ஆனால் அந்தக் கட்டடம் எழும்பி முடிவதற்குள் நமது பிள்ளைகளில் ஒருவருக்காவது ஏதாவது கற்றுக்கொடுத்தோமா? பெண்களுக்குத் தொழும் இடம் பின்னர் ஒட்டுப் போட்ட அறையாக இருக்கிறது. மதிய வெயிலில் மேல் மாடியில் நிற்க முடியவில்லை. இவற்றை முன்கூட்டியே யோசிக்கப் பயின்ற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நாம் அழைக்கவில்லை.

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைக்கு வகுப்பறை மட்டும் போதாது. படிப்பின் இடையே கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சி பெற வேண்டும். பட்டம் பெற்ற பின்னரும் தொழில்சார் பரீட்சையைக் கடந்துதான் பட்டயக் கட்டடக்கலைஞராக முடியும். கொழும்பில் அறிமுகமானவர்கள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் பயிற்சி இடம் கிடைத்துவிடும். எங்கள் கரையோர ஊர்களிலிருந்து போகும் பிள்ளை கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி இறங்குகிறது. பெண்பிள்ளையாக இருந்தால் தங்குமிடம், போக்குவரத்து என்று கவலை இரட்டிப்பாகிறது. இதனால் ஆசை இருந்தும் அந்தப் பாதையைத் தொடாமல் விட்டவர்கள் பலர்.

எனவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாக சபைகள் புதிய கட்டடம் தொடங்கும்போது தகுதி பெற்ற கட்டடக்கலைஞர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவருடைய உடன்படிக்கையிலேயே, ஊரின் மாணவர் ஒருவருக்கு அந்த வேலையில் பயிற்சி இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிடலாம். ஆணோ பெண்ணோ, அந்தப் பிள்ளை அளவெடுக்கட்டும், அத்திவாரம் வெட்டும்போது பக்கத்தில் நிற்கட்டும், மேசன் பாஸிடமும் கேட்டுப் படிக்கட்டும். அவருடைய கைப்பழக்கமும் ஒரு கல்விதான். சினானே தச்சராகத் தொடங்கியவர் அல்லவா?

நமது சமூகத்தில் ஏற்கனவே கட்டடக்கலைஞர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருப்பவர்கள், வருடத்துக்கு ஒரு மாணவரை மட்டும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். பணம் கொடுக்க வேண்டியதில்லை. தளத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். வரைந்ததைப் பார்த்துப் பிழை சொல்லுங்கள். தெரிந்தவர்களிடம் பெயரைச் சொல்லுங்கள்.

என் சக ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியது, எனக்கு நானே சொல்லிக்கொள்வதுதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒவ்வொரு வருடமும் முழுமையாக வாசிப்போம். உளச்சார்புப் பரீட்சை தேவைப்படும் கற்கைநெறிகளைத் தனித்தாளில் எழுதி வகுப்பறைக் கதவில் ஒட்டுவோம். வேலை செய்துகொண்டே படிக்கும் வழிகளும் இருக்கின்றன என்பதை மருத்துவம், பொறியியல் என்ற இரண்டு சொற்களை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில், கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பாடசாலைக்கு அனுப்பப்பட்டேன். முதல் நாள் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்துவிட்டேன். வகுப்பின் பின்னால் விரிவுரையாளர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து வந்து திருத்தவில்லை. பாடம் முடிந்த பிறகு வெளியே மர நிழலில் வைத்து, அடுத்த பாடத்தில் அதை நீங்களே பிள்ளைகளிடம் சொல்லித் திருத்துங்கள் என்றார். அப்படியே செய்தேன். நான் ஆசிரியையானது அந்த இரண்டாம் நாளில்தான் என்று நினைக்கிறேன். படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவர் நினைத்திருந்தால் என்னை வகுப்பறைக்குள் விட்டிருக்க மாட்டார்.

அந்த மாணவி பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் பயிற்சி முடித்தாள். இப்போது வீட்டிலிருந்தே ஊரவர்களுக்கு வீட்டு வரைபடங்கள் கீறிக் கொடுக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அவள் போயிருக்கக்கூடிய தூரம் எனக்குத் தெரியும்.

சென்ற மாதம் பழைய பள்ளிவாசலின் அளவுகளைக் கொண்டு அவள் கீறிய ஒரு வரைபடத்தைக் காக்காவிடம் கொடுத்தேன். பெண்களின் தொழும் பகுதிக்குத் தனி வாசலும், மேல் மாடிக்குக் கடற்காற்று வரும் வழியும் அதில் இருந்தன. காக்கா நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு எடுத்துச் செல்வதாகச் சொல்லி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தகுதி பெற்ற கட்டடக்கலைஞர் ஒருவரிடம் காட்டலாம் என்றும், அவரிடம் அவளையும் அனுப்பலாம் என்றும் அவராகவே சொன்னார்.

அந்தக் கூட்டம் இன்னும் நடக்கவில்லை. உங்கள் ஊரிலும் இப்படியொரு கூட்டம் நடக்கவிருந்தால், கைப்பேசிப் படத்தைத் திறப்பதற்கு முன்னர், ஊரில் கட்டடம் கீறும் பிள்ளை யார் என்று ஒரு முறை கேளுங்கள்.